கோயில் கதவும் கை தூக்கலும்: 1933 மசோதா பற்றி அம்பேத்கர் சொன்னது

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. "சார், சங்க இலக்கியத்துல மூணு கட்டுரை வந்தாச்சு. நீங்க வரலாறு ஏதாவது எழுதுங்க. ஆனா கொஞ்சம் டெல்லி சம்பந்தம் இருந்தா நல்லாயிருக்கும்" என்றார் செயலாளர். சரி என்று சொல்லிவிட்டேன். என்ன எழுதுவது என்று அப்போது தெரியாது. அடுத்த வாரம் எங்கள் சொசைட்டியில் நடந்த ஒரு கூத்துதான் எனக்கு விஷயத்தை எடுத்துக் கொடுத்தது.

துவாரகாவில் பல சொசைட்டிகளைப் போலவே எங்களுக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு லிஃப்ட். வீட்டு வேலைக்கு வருபவர்கள், டிரைவர்கள், சாமான் கொண்டுவரும் பையன்கள் எல்லோரும் இரண்டாவது லிஃப்டில் மட்டும்தான் ஏறவேண்டும் என்று ஒரு நாள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. கமிட்டிக்கு எழுதினேன். பொதுக்குழுவில் வைத்து, கை தூக்கச் சொல்லி முடிவெடுங்கள் என்று கேட்டதும் நான்தான். என் கணக்கு தப்பவில்லை. 11 கை வித்தியாசத்தில் நோட்டீஸ் கிழிக்கப்பட்டது. மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். விழுப்புரம் பக்கத்துக்காரர், டெல்லிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. "நல்லது சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குழாயை மூடிவிட்டு, "அடுத்த வருஷம் வேற ஆளுங்க கமிட்டிக்கு வந்தா மறுபடியும் கை தூக்குவாங்களா சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "அதுல எங்களையும் கூப்பிடுவாங்களா?" என்று அடுத்த கேள்வி. அதற்கும் வரவில்லை.

இந்த இரண்டு கேள்விகளையும் ஒருவர் 1933 பிப்ரவரியிலேயே கேட்டுவிட்டார் என்பது எனக்கு எப்போதோ படித்த ஞாபகம். அம்பேத்கர் தொகுதிகளை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன்.

கதை தொடங்குவது 1932 செப்டம்பரில். பூனா ஒப்பந்தம் 24ஆம் தேதி கையெழுத்தாகிறது. மறுநாள் பம்பாயில் கூடிய இந்துத் தலைவர்கள் மாநாடு, இனி பிறப்பால் எவரும் தீண்டத்தகாதவர் அல்லர். கிணறு, பள்ளி, சாலை எல்லாவற்றிலும் சம உரிமை உண்டு. இதற்குச் சட்ட அங்கீகாரமும் தேடித் தருவோம் என்று தீர்மானம் போடுகிறது. அதே சமயத்தில் மலபாரில் குருவாயூர்க் கோயில் திறக்கப்பட வேண்டும் என்று கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார். காந்தியடிகள் அதை நிறுத்தச் சொன்னார். கோயில் இருந்த பொன்னானி தாலுக்காவில் ஒரு கருத்து வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மை திறக்கச் சொன்னது. ஆனால் கதவு திறக்கவில்லை. காரணம், திறக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நம்மில் பலர், கோயில் நுழைவு என்பது மனம் மாறினால் முடிந்துவிடும் காரியம், நாலு பழமைவாதிகள்தான் குறுக்கே நின்றார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. குறுக்கே நின்றது கோர்ட்டு. கமுதி வழக்கு இதற்கு நல்ல சாட்சி. இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்ட கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் சென்று வழிபட்டார்கள். வழக்கு மதுரை, சென்னை என்று நடந்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1908இல் தீர்ப்பு: வழக்கப்படி அவர்களுக்கு உள்ளே வர உரிமை இல்லை. ஆக, 'வழக்கம்' என்ற ஒன்றை வெள்ளைக்கார நீதிபதிகளே சட்டமாக்கி முத்திரை குத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தர்மகர்த்தா மனம் மாறி, "எல்லோரும் வாங்க" என்று கதவைத் திறந்தால், யாராவது ஒருவர் கோர்ட்டுக்குப் போய் அவர்மேல் வழக்குப் போடலாம். நல்ல எண்ணம் உள்ளவர் கையையும் சட்டம் கட்டிப்போட்டிருந்தது.

அதனால்தான் மசோதாக்கள் வந்தன. சென்னைச் சட்டசபையில் டாக்டர் ப. சுப்பராயன் ஒரு கோயில் நுழைவு மசோதா கொண்டுவர முயன்றார். மதம் சம்பந்தப்பட்ட மசோதாவுக்கு அப்போது வைசிராயின் முன் அனுமதி வேண்டும். வெலிங்டன் பிரபு 1933 ஜனவரியில் அந்த மாகாண மசோதாவுக்கு அனுமதி மறுத்துவிட்டு, டெல்லி மத்திய சட்டசபையில் சி.எஸ். ரங்க ஐயர் கொண்டுவர இருந்த மசோதாக்களுக்கு மட்டும் வழிவிட்டார். அதையும் அவசரப்படக் கூடாது, நாடு முழுவதும் கருத்துக் கேட்கவேண்டும் என்ற நிபந்தனையோடு.

ரங்க ஐயர் பெயரைப் பார்த்தாலே நம்மவர் என்று தெரிகிறது. ஆனால் அவர் சபைக்கு வந்தது ரோகில்கண்ட்-குமாவுன் தொகுதியிலிருந்து! அலகாபாத்தில் மோதிலால் நேரு நடத்திய இண்டிபெண்டன்ட் பத்திரிகையில் இருந்தவர்; மிஸ் மேயோவின் புத்தகத்துக்குப் பதிலாக 'ஃபாதர் இந்தியா' எழுதியவர். வடக்கே வந்து வேர் பிடித்த தமிழர்களின் பட்டியல் போடும்போது நாம் இவரை ஏனோ விட்டுவிடுகிறோம். அவர் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, தீண்டாமை என்ற வழக்கத்தை நீதிமன்றங்கள் அங்கீகரிக்கக் கூடாது என்ற சிறிய மசோதா. மற்றது கோயில் நுழைவு மசோதா. இரண்டாவதில்தான் வாக்கெடுப்பு இருந்தது: அந்தந்த இடத்து இந்து வாக்காளர்களில் பெரும்பான்மையோர் சரி என்றால் கோயில் திறக்கும். இல்லையென்றால் இல்லை. மசோதாவுக்கு ஆதரவு திரட்ட ராஜாஜி டெல்லிக்கே வந்து உறுப்பினர்களைப் பார்த்துப் பேசினார்.

எல்லோரும் அம்பேத்கர் இதை வரவேற்பார் என்று எதிர்பார்த்தார்கள். காந்தியடிகள் ஏரவாடா சிறையிலிருந்து நடத்திய ஹரிஜன் வார இதழின் முதல் இதழ் 1933 பிப்ரவரி 11இல் வந்தது. மூன்று நாள் கழித்து, 14ஆம் தேதி, அம்பேத்கர் தம் அறிக்கையை வெளியிட்டார். ஆதரிக்க முடியாது என்றார்.

அவர் அப்போது தலைவர் மட்டுமல்ல, பத்திரிகைக்காரரும்கூட. 1920இல் மூக்நாயக், 1927இல் பகிஷ்கிருத் பாரத், பிறகு ஜனதா என்று நடத்தியவர். இந்த அறிக்கையிலும் அந்தப் பத்திரிகைக்காரரின் கூர்மை தெரிகிறது. அவருடைய வாதத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். இந்த மசோதா தீண்டாமையைப் பாவம் என்று சொல்லவில்லை. சட்டவிரோதம் என்றும் சொல்லவில்லை. ஏதோ பல சமூகக் குறைகளில் அதுவும் ஒன்று, பெரும்பான்மை விரும்பினால் நீக்கிக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஒரு காரியம் பாவம் என்றால், அதைச் செய்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்பதால் அது பாவம் இல்லை என்று ஆகிவிடுமா? தப்பைத் தொடரலாமா என்று தப்பு செய்தவர்களிடமே ஓட்டுக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

இதைப் படித்தபோது எனக்குச் சொசைட்டி ஹாலில் தூக்கிய கைகள் கண்முன் வந்தன. என் கையும் அதில் ஒன்று. குருவாயூரிலும் ஓட்டுப் போட்டவர்கள் ஏற்கெனவே கோயிலுக்குள் போகிறவர்கள்தான். வெளியே நின்றவனிடம் யாரும் கேட்கவில்லை. லிஃப்டில் ஏறும் அம்மாவிடமும் நான் கேட்கவில்லை.

அறிக்கையின் அடுத்த பகுதி இன்னும் கடுமை. கோயிலுக்குள் விடுவதால் எங்கள் மக்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறார். கல்வி, நல்ல வேலை, வருமானம் இவைதான் எங்களை உயர்த்தும். அவை வந்தால் மற்றவை வரும் என்கிறார். வெள்ளையர் கிளப்புகளில் இந்தியர்களை உள்ளே விடாதிருந்ததைச் சுட்டி, இந்துக் கோயில்களும் அதே பலகையைத் தான் மாட்டியிருக்கின்றன, அங்கே போய்க் கெஞ்சுவது எங்கள் சுயமரியாதைக்கு இழுக்கு என்கிறார். கடைசியாக காந்தியடிகளிடம் ஒரு கேள்வி: கோயில் நுழைவு முதல் படியா, முடிந்த முடிவா? வருண முறையையே ஒழிக்கும் பாதையில் முதல் படி என்றால் ஒத்துழைக்கலாம். அதுவே முடிவு என்றால் வேண்டாம்.

இந்தக் கருத்துக்களை எப்படி மதிப்பிடுவது? பலர் செய்வதுபோல் ஒரேயடியாகப் போற்றுவதோ தூற்றுவதோ எனக்கு ஒப்பவில்லை. வாக்கெடுப்பு பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதற்குச் சாட்சி அந்த மசோதாவின் கதியே. 1933 மார்ச்சில் அறிமுகம் ஆயிற்று. பொதுமக்கள் கருத்துக்காகச் சுற்றுக்கு விடப்பட்டது. மாதக்கணக்கில் சுற்றியது. அதற்குள் சட்டசபைத் தேர்தல் நெருங்கிவிட்டது. தேர்தல் நேரத்தில் இதைச் சுமக்கக் காங்கிரஸ் தயாராக இல்லை. 1934 ஆகஸ்டில் ரங்க ஐயரே எழுந்து, மசோதாவைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். சும்மா சொல்லவில்லை. ராஜாஜி பெயரைச் சொல்லி, காங்கிரஸ்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று பொரிந்து தள்ளினார். அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட, காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்கும் புத்தகத்தில் இந்த உரையை விரிவாகவே எடுத்துப் போட்டிருக்கிறார். பெரும்பான்மையின் தயவில் தொங்கும் உரிமை ஒரு தேர்தலைக்கூடத் தாங்காது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் அவரிடமிருந்து மாறுபடுகிறேன். பயந்துகொண்டேதான் சொல்கிறேன். அறிக்கையின் எடை முழுவதும் கோயில் மசோதாமீது விழுந்துவிட்டது. கமுதி வழக்கு போட்ட முடிச்சை அவிழ்க்கக்கூடிய சின்ன மசோதாவுக்கு அதற்குரிய கவனம் கிடைக்கவில்லை. சட்ட மேதையான அவருக்கு அதன் அருமை தெரியாமல் இருந்திருக்காது. அரசியல் சூட்டில் ஒதுக்கிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கோயில் கதவுக்கு அவர் கொடுத்த விலையும் குறைவு. கல்வியும் வேலையும் முதலில் என்பது சரிதான். ஆனால் ஊர் நடுவில் ஒரு கதவு ஒருவனுக்கு மட்டும் மூடியிருக்கும்போது, படித்து வேலைக்குப் போய் வந்தாலும் அந்தக் கதவு அவனைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும். அப்போது மத்திய சட்டசபையில் இருந்த நம் சென்னை எம்.சி. ராஜாவின் பார்வை இந்த விஷயத்தில் வேறாக இருந்தது. கோயில் நுழைவுக்குச் சட்டம் வேண்டும் என்று கடைசிவரை நின்றவர் அவர். 1938இல் சென்னைச் சட்டசபையில் அவர் கொண்டுவந்த குடியுரிமைத் தடைகள் நீக்கச் சட்டம் நிறைவேறியது. சாலை, கிணறு போன்ற பொது இடங்களில் விலக்குவது அதன்படி தடை செய்யப்பட்டது. அடுத்து அவர் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தபோது பிரதமர் ராஜாஜியே எதிர்த்தார். ராஜா காந்தியடிகளுக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்று பதில் வந்தது. டெல்லியில் மசோதாவுக்காக வீடு வீடாகப் போனவர், ஆட்சிக்கு வந்ததும் மெதுவாகப் போகலாம் என்கிறார். அரசியலில் இது புதிதா என்ன!

ராஜாஜி செய்தது, மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம். அதிலும் வாக்கெடுப்பு!

பிறகு 1939 ஜூலை 8. மதுரை. இங்கே நான் கொஞ்சம் சொந்தக் கதை சொல்லியாகவேண்டும். அ. வைத்தியநாத ஐயர், பி. கக்கன் முதலான தாழ்த்தப்பட்ட தோழர்களையும் ஒரு நாடார் அன்பரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போன நாள். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். எங்கள் வீடு அப்போது கோயிலுக்கு நாலு தெரு தள்ளி. தினம் அம்மன் சன்னதிக்குப் போய் வந்த என் பாட்டி, அன்றோடு போவதை நிறுத்தினாள். ஐந்தாறு வருஷம் கோபுரத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை என்று என் அப்பா சொல்லுவார். பாட்டி நல்லவள்தான். பிச்சைக்கு வந்தவனை வெறும் கையோடு அனுப்பாதவள். அவளிடம் யாராவது ஓட்டுக் கேட்டிருந்தால் எந்தப் பக்கம் போட்டிருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்லவர்கள் நிறைந்த ஊரிலும் வாக்கெடுப்பு தோற்றிருக்கும் என்பதை எங்கள் குடும்பத்தை வைத்தே சொல்லமுடிகிறது. இத்தனை வருஷமாக இதை எந்த மேடையிலும் சொன்னதில்லை. வைத்தியநாத ஐயரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "எங்க ஊர்க்காரர்" என்று பெருமை அடித்துக்கொண்டு, வீட்டில் நடந்ததை விழுங்கிவிடுவேன்.

கோயிலுக்குள் போனவர்கள்மீதும் விட்டவர்கள்மீதும் வழக்குகள் பாயும் என்ற நிலை. உடனே அரசு அவசரச் சட்டம் போட்டு, பின்பு 1939 கோயில் நுழைவு அனுமதி மற்றும் பாதுகாப்புச் சட்டமாக ஆக்கியது. சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். நடந்துவிட்ட ஒரு நல்ல காரியத்துக்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் 'பாதுகாப்பு'. நான் சொன்ன முடிச்சு இதுதான். வைத்தியநாத ஐயரின் துணிவும் கக்கனின் துணிவும் மட்டும் போதவில்லை. கோர்ட்டின் வாயை அடைக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஆனால் அந்தச் சட்டத்திலும், வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர் கருதினால்தான் கதவைத் திறக்கலாம். ஓட்டுப் பெட்டி போய்விட்டது. அதன் நிழல் போகவில்லை.

அதே 1939இல்தான் இங்கே டெல்லியில் பிர்லா மந்திர் திறப்பு. எல்லாச் சாதியாரையும் விடவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் காந்தியடிகள் வந்து திறந்துவைத்தார். நாம் ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் முதலில் கூட்டிப்போகும் இடம். அதைத் திறக்க மசோதா தேவைப்படவில்லை, வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. புதுக் கோயில், மீற வேண்டிய 'வழக்கம்' என்று ஒன்று கிடையாது. புதிதாகக் கட்டுவது சுலபம், பழைய கதவைத் திறப்பதுதான் கஷ்டம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பிறகு எங்கள் லிஃப்ட் ஞாபகம் வந்தது. அது கட்டி இருபது வருஷம்கூட ஆகாத கட்டடம். வழக்கத்தை நாமே மூட்டை கட்டிக்கொண்டு வந்து குடியேறியிருக்கிறோம் போலிருக்கிறது.

வாக்கெடுப்பின் நிழலும் ஒழிந்தது 1947ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்தில். யாரும் சம்மதிக்க வேண்டியதில்லை, நுழைவது உரிமை என்று ஆயிற்று. அந்தச் சட்டத்தை எதிர்த்து முல்க்கி வெங்கடரமண கோயில் சார்பில் நடந்த வழக்கில் 1958இல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அமெரிக்காவிலும் கறுப்பின மக்களை ஓட்டல்களிலும் தங்கும் விடுதிகளிலும் விலக்கக் கூடாது என்று 1964 சிவில் உரிமைச் சட்டம் வந்தபோது, அந்தந்த ஊர்க்காரர்களிடம் ஓட்டுக் கேட்டுவிட்டுக் கதவைத் திறக்கவில்லை. கேட்டிருந்தால் தெற்கு மாநிலங்களில் பல கதவுகள் திறந்திருக்காது.

ஒரு சனிக்கிழமை துவாரகாவிலிருந்து மெட்ரோ பிடித்து, ராஜீவ் சவுக்கில் மாறி, சென்ட்ரல் செக்ரட்டேரியட்டில் இறங்கினேன். பழைய பாராளுமன்றக் கட்டடத்தை வெளியில் நின்றாவது பார்க்கலாம் என்று ஆசை. 2023இலிருந்து அதற்குச் சம்விதான் சதன் என்று பெயர். ரங்க ஐயர் மசோதாவை அறிமுகம் செய்தது இந்தக் கட்டடத்தில்தான். இங்கேதான் 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை, தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை ஏற்றது. இன்றைய 17ஆம் பிரிவு. அதில் 'பெரும்பான்மை விரும்பினால்' என்ற சொல் கிடையாது. வரைவுக் குழுத் தலைவர் அம்பேத்கர். சபை உறுப்பினர்களில் ஒருவர் மதுரைக் கோயிலுக்குள் போன அதே கக்கன். கதவு பெரிதல்ல என்று சொன்னவரும் கதவுக்குள் நுழைந்தவரும் ஒரே சபையில். இவர்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவோ ஆசை.

இன்னொரு தகவலும் இந்தக் கட்டடத்தைச் சேர்ந்ததுதான். 1954 செப்டம்பரில் மாநிலங்களவையில் தீண்டாமைக் குற்றங்கள் மசோதா விவாதத்துக்கு வந்தது. அம்பேத்கர் அப்போது அமைச்சர் இல்லை, எதிர் வரிசை உறுப்பினர். மசோதாவின் பெயரே சரியில்லை என்றார். இது ஏதோ சில்லறைக் குற்றங்களைப் பற்றியது போல இருக்கிறது. தீண்டத்தகாதவர்களின் குடியுரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் என்று வையுங்கள் என்று கேட்டார். 1933இல் அவர் ரங்க ஐயரிடம் எதிர்பார்த்தது இதையேதான் என்பது என் கருத்து. சலுகை கொடுக்கும் தொனி வேண்டாம், உரிமை என்று எழுது. கேட்கவில்லை. 1955இல் பழைய பெயரிலேயே சட்டம் ஆயிற்று. 1976இல் திருத்தம் வந்தபோதுதான் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அவர் காலமாகி அதற்குள் 20 வருஷம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொசைட்டி கமிட்டிக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். லிஃப்டை யார் பயன்படுத்தலாம் என்பது பொதுக்குழுவின் வாக்கெடுப்புக்கு உரிய விஷயமே அல்ல என்று விதிகளில் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். போன முறை என்னோடு கை தூக்கியவர்களில் சிலரே, "ஜெயிச்சாச்சே சார், இப்ப எதுக்கு இதைக் கிளப்பறீங்க" என்கிறார்கள். கமிட்டியிலிருந்து இதுவரை பதில் இல்லை. அடுத்த பொதுக்குழு மார்ச்சில்.